சின்னவனுக்கு என்ன?

சின்னவனின் முதுகுக்குப் பின்னால் நின்று டாக்டரம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. பொம்மை லாரியின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

அம்மா டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மூன்று வயதாகப் போகிறது, இன்னும் 'அம்மா' என்று ஒரு வார்த்தை வரவில்லை. 'எதுக்கும் ஆட்டிசமான்னு பாத்துருங்க' என்று அவளுடைய தையல் கடைக்கு வந்த ஒரு டீச்சர் காதில் போட்டுவிட்டுப் போனதிலிருந்து அவளுக்குத் தூக்கமே போய்விட்டது.

கணவனிடம் சொன்னபோது பாய்ந்துவிட்டான். "என் பிள்ளைக்குப் பட்டம் கட்டப் பாக்கறியா? ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சே, அப்புறம் இந்த வீட்டு வாசலை மிதிக்காதே!" அதனால்தான் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

தம்பி எதற்குச் சிணுங்குகிறான், எதற்குச் சிரிக்கிறான் என்பதெல்லாம் பெரியவளுக்கு அத்துப்படி. டாக்டர் ஏதாவது கேட்டால் சொல்வாளே என்றுதான் அவளையும் கூட்டி வந்தது. ஒன்பது வயதிலேயே அவ்வளவு விவரம்.

"அப்பா கேட்டா துணி எடுக்கப் போனோம்னு சொல்லணும், என்ன?" என்று அம்மா பஸ்ஸில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"நாம துணி எடுக்கல. ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்."

இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு பேருக்கு ஒரு பொய்கூடச் சொல்ல முடியாது என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சாயந்திரம் வீட்டில் என்ன நடக்கப் போகிறதோ!

"எதையாவது பாத்தா கை நீட்டிக் காட்டுவானாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா பெரியவளைத் திரும்பிப் பார்த்தாள்.

சுவரோரம் நின்றிருந்த பெரியவள் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "ஜன்னல்ல பூனை வந்தா காட்டுவான். நான் பாக்கற வரைக்கும் விடமாட்டான். இடது பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டான். வலது பக்கம் சத்தமா கூப்பிட்டா சில நேரம் திரும்புவான்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "நல்லா கவனிச்சிருக்கியே! ஸ்கூல்ல உனக்கு ஃப்ரெண்ட்ஸ் யாரெல்லாம்?"

"இந்த ஃபேன் சத்தம் போடுது," என்று பெரியவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அவளை விடுங்க டாக்டர், அவ சொக்கத் தங்கம்," என்று அம்மா முந்திக்கொண்டாள். "ஒரு சேட்டை கிடையாது, வேண்டாத சகவாசம் கிடையாது. சட்டையில லேபிள் உறுத்துதுன்னு அழுவா, வெட்டி எடுத்துட்டா சமர்த்தா இருப்பா. எனக்குக் கவலையெல்லாம் இவன்தான்."

டாக்டரம்மா எழுந்து போய் ஃபேனை அணைத்தார். பிறகு விளக்கு வைத்த கருவியால் சின்னவனின் காதுக்குள் வெகுநேரம் பார்த்தார்.

சின்னவன் லாரியை அம்மா மடியில் வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். அவளுக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

டாக்டரம்மாவும் அவளைப் பார்க்கவில்லை. அவர் கண் அடிக்கடி இவர்களைத் தாண்டிச் சுவர்ப் பக்கமே போய் வந்தது. கெட்ட செய்தி சொல்லப் போகிறவர்கள் முகத்துக்கு நேரே பார்க்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

"சொல்லிடுங்க டாக்டர். ஆட்டிசம்தானே?"

"எனக்கு அப்படித் தோணலம்மா. லாரியைக் கொண்டாந்து உங்ககிட்ட காட்டறான். நீங்க சிரிக்கறீங்களான்னு பாக்கறான். ரெண்டு காதுலயும் உள்ள நீர் கோத்திருக்கு, இடது பக்கம் அதிகம். சரியா கேக்காத பிள்ளை எப்படிப் பேசும்? காது டாக்டருக்கு எழுதித் தரேன். வைத்தியம் பாத்தா பேச்சு வந்துரும்னு நம்பறேன்."

அம்மா வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். சின்னவனை வாரி எடுத்துக் கன்னத்தில் முத்தமாகப் பொழிந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில் பெரியவளையும் இழுத்து அணைக்கப் போனாள். அவள் வழக்கம்போல நழுவிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி டாக்டர், உங்களைத் தெய்வமா நினைச்சுக்கறேன். நாங்க வர்றோம்," என்று அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கம்மா. பெரியவளை இதுவரைக்கும் யார்கிட்டயாவது காட்டியிருக்கீங்களா?"