மூன்றாவது அடுக்கு

"இன்னும் எவ்வளவு நேரம்தான் அந்த மெஷினைக் கத்தவிடப் போறீங்க?" மாடியிலிருந்து குரல் இடியாய் இறங்கியது.

"அரை மணி நேரம்க்கா!" கீழே பட்டறையிலிருந்து தச்சர் பதில் சொன்னார்.

பக்கத்தில் நின்ற தச்சரின் மச்சினனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா புருஷன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபின் கனம் தூக்கக் கூடாதென்று, ஒத்தாசைக்காக நேற்றுத்தான் வெளியூரிலிருந்து வந்திருந்தான். வந்தது முதல் அந்த அம்மாளின் வசவுதான்.

"என்ன மாமா, இப்படிப் பம்முறீங்க? நான் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரவா?"

"வேலையைப் பாரு மாப்ளே. கீழ் அடுக்கு ரெண்டையும் ஒட்டிட்டியா?"

கருத்த பலகை அடியில். அதன்மேல் கொடி வெட்டிய செம்பலகை. எழுத்துகள் வரவேண்டிய வெளுத்த பலகையை சி.என்.சி. ரூட்டர் தானாகவே நகர்ந்து நகர்ந்து குடைந்துகொண்டிருந்தது. தூசிக்குள் ஒன்றும் தெரியவில்லை.

"அந்தம்மாதான் இன்னைக்கு வீட்டைக் காலி பண்ணுதே. நாளைக்கு நிம்மதியா வெட்டலாமில்ல?"

"நாளைக்குன்னா பிரயோஜனமில்ல. இன்னைக்கே கொடுத்தாகணும். அதுவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது."

மெஷின் ஓய்ந்தது. மச்சினன் தூசியைக் கூட்டி அள்ளுவதற்குள், அவரே மூன்றாவது அடுக்கை ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கினார். வாசலில் லாரி ஹார்ன் அடித்தது.

மாடிக்காரம்மா வாசலில் வந்து நின்றாள். "கிளம்பறேன் தம்பி. இனிமே ராப்பகலா ஓட்டு. கேக்க ஆளில்ல."

"போற இடத்துலயாவது வாய்க்கு ஓய்வு கொடுங்க," என்று முணுமுணுத்த மச்சினனின் தொடையில், வழியனுப்ப வந்து நின்ற அவன் அக்கா நறுக்கென்று கிள்ளினாள்.

தச்சர் கிளாம்பைக் கழற்றி, பலகையை ஊதித் துடைத்து, இரண்டு கைகளாலும் அந்த அம்மாளிடம் நீட்டினார்.

'சண்டைக்கு வந்ததற்கு நன்றி, அக்கா' என்றிருந்தது அதில்.

அவள் எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள். "இதுக்குத்தானா காலையிலேர்ந்து அவ்வளவு சத்தம்?" என்று அதட்டியபடியே பலகையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"என்னக்கா இது, நக்கலா?" என்று தமக்கையின் காதைக் கடித்தான் மச்சினன்.

"அன்னைக்கு உங்க மாமா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தப்போ, மெஷின் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சுடா. வேலை நடக்குதுன்னு நானே அடுப்படியில சும்மா இருந்துட்டேன். 'சாப்பாட்டு நேரத்துலகூட நிறுத்த மாட்டியா'ன்னு கத்திக்கிட்டே இறங்கி வந்து பார்த்தது இவங்க ஒருத்தர்தான்."