நீல வட்டம்

மகளின் முன்கையில் தோலுக்கடியில் துளி மருந்தை ஏற்றி, சுற்றிலும் நீலப் பேனாவால் வட்டம் போடுகிறார் நர்ஸ். "இருபது நிமிஷம் பாப்போம், சொறியக் கூடாது. சார், குடும்பத்துல யாருக்காவது பென்சிலின் ஒத்துக்காம போயிருக்கா?" "யாருக்கும் இல்ல சிஸ்டர்" என்கிறார் அப்பா, சட்டென்று. அம்மா அவரையே பார்க்கிறாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருடைய தங்கை பென்சிலின் ஊசி போட்ட பத்தாவது நிமிடம் உதடு வீங்கிச் செத்துப்போனவள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் இவர் என்பதால், காய்ச்சலில் போனாள் என்றே வீட்டில் சொல்லிப் பழகிவிட்டார்கள். ஜன்னல் வெயில் தட்டில் முழு அளவு மருந்தோடு இருக்கும் ஊசியின் மேல் விழுந்து மினுங்குகிறது. மகள் சலிப்பில் உதட்டைப் பிதுக்குகிறாள். அத்தையை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று பார்க்கிறவர்களெல்லாம் சொல்வார்கள். கேட்டு இவர் பூரித்துப்போவார். இருபது நிமிஷம் முடிகையில் வட்டத்துக்குள் கொசு கடித்த அளவுக்கு ஒரு சிவப்பு. நர்ஸ் குனிந்து, விரலால் தடவிப் பார்க்கிறார். "பெருசா ஒண்ணுமில்ல, போட்டுடலாம்." ஊசி தட்டிலிருந்து மேலே எழுகிறது. அப்பாவின் கை மகளின் கையை வட்டத்தோடு சேர்த்து மூடிக்கொள்கிறது. "சிஸ்டர், அந்தக் கேள்விய இன்னொரு தடவ கேளுங்க."