எதிர்முனைக்காரன்

“வெயிட்!”

நிஹாலின் குரல்தான். எந்த இரைச்சலிலும் அவனுக்கு அது தெரியும்.

அவன் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் குந்தியிருந்தான். முதுகுப் பக்கம் அவனுடைய வீடு எரிந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு சின்னச் சந்து. அதைக் கடந்தால் ஒரு முஸ்லிம் வீட்டின் பின்கதவு. குடிவந்து மாதம்கூட ஆகாத சனம். அந்தக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு கை வா, வா என்றது.

ஒரு கிரிக்கெட் பிட்ச் தூரம்கூட இருக்காது.

ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால், சந்தின் தலைப்பில், லொறியில் வந்தவர்கள் நின்றார்கள். இரும்புக் கம்பி, பெட்ரோல் கேன். விடிந்ததிலிருந்து கொழும்பில் தமிழர் வீடாகப் பார்த்துக் கொளுத்திக்கொண்டு வருகிறார்கள். சற்று முன்புதான் தையற்கடைச் சண்முகதாஸை மயிரைப் பிடித்துத் தெருவில் இழுத்தார்கள். அவர் கத்தினார். பிறகு அவர்கள் மட்டும் கத்தினார்கள்.

அந்தக் கும்பலின் ஓரத்தில்தான் நிஹால் நின்றான். வேடிக்கை பார்க்கிறவன் மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு.

அவன் சிங்களவன். அவனை யார் கேட்கப்போகிறார்கள்?

ஆறு வருடமாக அவனும் நிஹாலும் கிரிக்கெட் கிளப்பின் தொடக்க ஆட்டக்காரர்கள். முதுகுக்குப் பின்னால் போகிற பந்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. எதிர்முனையில் நிற்பவன் பார்ப்பான். அவன் யெஸ் என்றால் ஓடு. நோ என்றால் நில். கேள்வி கேட்காதே.

இரண்டு வருடத்துக்கு முன் நாட்டுக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தபோது இதே தெருவில்தான் வெடி கொளுத்தினார்கள். அடுத்தது நீங்கள் இரண்டு பேரும்தான் என்று சனம் இருவரையும் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. அவன் நம்பினான். நம்பாமல் என்ன? இந்தச் சின்னத் தீவு இங்கிலாந்தோடு சரிக்குச் சரி ஆடும் என்றால் எதைத்தான் நம்பக் கூடாது?

“நோ... நோ!”

தொட்டிக்கு மறுபக்கம் செருப்புச் சத்தம். பெட்ரோல் வாடை. அவன் மூச்சை அடக்கினான். யாரோ காறித் துப்பிவிட்டுப் போனான்.

போன வருடம் நிஹால் யெஸ் என்று கூப்பிட்டுவிட்டு நடுவழியில் நோ என்றான். நம்பி ஓடிய அவன் ரன் அவுட். நிஹாலோடு ஒரு கிழமை, ஏழு நாளும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்றைக்கு அப்படி ஆனால் பேசாமல் இருக்கக்கூட ஆள் இருக்காது.

ஆடு பகை, குட்டி உறவா? ஊரில் இருக்கும் அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அவன் மல்லுக்கு நிற்பான். இப்போது அவனே அதைச் சொல்லிப் பார்த்தான். நிஹாலும் அவர்களில் ஒருவன்தானே? யெஸ் என்று கூப்பிட்டு, நேரே அவர்கள் கையில் கொடுத்துவிட்டால்?

நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

“யெஸ்!”

கால்கள் அவனைக் கேட்கவில்லை.

திரும்பிப் பார்க்காமல் ஓடினான். அந்தக் கை சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தது. ஒரு நடுவயதுப் பெண். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

மறுகணம் வெளியே கம்பி கதவில் மோதியது.

“ஒருத்தன் இதுக்குள்ளதான் பூந்தான்!” சிங்களத்தில் ஒருவன் கத்தினான். இரண்டாம் அடியில் பலகை கீறல் விட்டது. அவள் வாய்க்குள் ஓதத் தொடங்கினாள்.

அப்போது தூரத்தில் இன்னொரு கூச்சல்.

“அதோ ஓடுறான்! பிடி, பிடி!”

கதவடியில் நின்ற கால்கள் அந்தப் பக்கம் ஓடின.

ரன் என்றால் இருவரும் ஓட வேண்டும். ஒருவன் இந்த முனைக்கு, மற்றவன் அந்த முனைக்கு. இத்தனை வருடம் ஆடியவனுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

அவன் கதவுக் கீறலில் கண்ணை வைத்தான்.

நிஹாலை விளக்குக் கம்பத்தடியில் மடக்கிவிட்டார்கள். அன்றைக்கு ஓடியவனெல்லாம் தமிழன். வேறு விசாரணை கிடையாது. ஒருவன் கையில் எரிகிற வீட்டின் வாசலில் இருந்த பெயர்ப்பலகை. இன்னொருவன் கையில் அவனுடைய மட்டை. வீட்டுக்குள்ளிருந்து எடுத்திருக்கிறார்கள், நாசமாய்ப் போவார்கள்.

நிஹால் வாயைத் திறந்தால் போதும். தன் பெயரைச் சொன்னால் தோளில் தட்டி விட்டுவிடுவார்கள்.

சொல்லடா. சொல்லித் தொலையடா.

பலகையை வைத்திருந்தவன் நிஹாலின் கழுத்தைப் பிடித்தான். “பேர் என்னடா?”

நிஹால் ஒருமுறை இந்தக் கதவைப் பார்த்தான்.

“தில்லைநாதன் குகநேசன்.”

பலகையில் இருந்த பெயர். கதவுக்குப் பின்னால் நிற்பவனின் பெயர். கிளப்பில் ஒரு நாளும் நிஹால் அதை முழுதாகச் சொன்னதில்லை. உங்கள் பெயரெல்லாம் ரயில் கோச்சி மாதிரி நீளம் மச்சான் என்று சிரிப்பான். இன்றைக்கு ஓர் எழுத்துப் பிசகவில்லை.

தேடிய ஆள் கிடைத்துவிட்டான். இனி இந்தக் கதவை யாரும் உடைக்கப்போவதில்லை.

மட்டை இறங்கியது.

நடுமட்டையில் பட்டால் எப்படிக் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். நடுவில்தான் பட்டது. அடுத்ததும் நடுவில்தான்.

“பேர் என்னடா? இன்னொருக்காச் சொல்லு!”

நிஹால் சொன்னான்.

மூன்றாம் முறை கேட்டபோது பதில் வரவில்லை.

அந்தப் பெண் அவன் தோளைப் பிடித்துக் கதவிலிருந்து இழுத்தாள். “பாக்க வாணாம் மகன்.” ஒரு மூலையில் உட்காரவைத்துத் தண்ணீர் புகட்டினாள்.

வெளியே லொறி புறப்படும் சத்தம்.

“பயப்பட வாணாம். ஒங்கட பேரென்ன மகன்?”

அவன் ஒருமுறை அந்தக் கதவைப் பார்த்தான்.

“நிஹால்” என்றான்.