விரலில் வேகம்

உள்ளங்கை அளவு கேம் மெஷினில் குத்துச்சண்டை. இடப்பக்கப் பட்டன்கள் கணவனுக்கு, வலப்பக்கம் மனைவிக்கு. குத்த ஒரு பட்டன், தடுக்க ஒரு பட்டன். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும்.

ஒரு வாரமாக அவள்தான் கழுவுகிறாள்.

"என் ஆளு கையையே தூக்க மாட்டேங்கிறான். பட்டன் கெட்டுப்போச்சுங்க" என்று புலம்பினால், "பட்டன் மேல பழி போடாதே. விரல்ல வேகம் வேணும்" என்பான்.

இன்று எல்லாம் தலைகீழ். மணி அடித்ததுமே அவன் ஆள் வாங்கிக் கட்டிக்கொண்டு மல்லாந்தான். மறு ஆட்டத்திலும் அதே கதி.

"பட்டன் வேலை செய்யல!"

"பட்டன் மேல பழி போடாதீங்க."

அவன் குனிந்து அவள் விரல்களைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

"அழுகுணி ஆட்டம்! இந்த மெஷின் ஒரே நேரத்துல ரெண்டு பட்டனைத்தான் எடுத்துக்கும். மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே நீ ரெண்டையும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டா, என் பட்டன் எப்படி வேலை செய்யும்?"

"அது எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது, உங்க விரலைப் பார்த்து. உங்களுக்கு எப்பலேர்ந்துங்க தெரியும்?"

அவன் எழுந்து போய்க் குழாயைத் திறந்தான்.

அவள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"அடிப்பிடிச்ச சட்டி ஒண்ணு இருக்கு. விரல்ல வேகம் வேணும்ங்க!"