மணலில் விட்ட செருப்பு

"சுண்டல்ல தேங்கா போட்டியா?" என்று கேட்டபடியே செருப்பை மணலில் கழற்றிவிட்டுத் தயாளன் தன் படகில் ஏறினார்.

"போட்டிருக்கேன். சுருக்கா வாங்க. இல்லன்னா வரதண்ணன் வழிச்சு நக்கிடுவாரு" என்றாள் மனைவி சுகிர்தா.

"செயலாளர்னு ஒரு மரியாத வேணாமா தங்கச்சி?" என்று வரதன் சிரித்தார்.

சம்பளமில்லாமல் நாலு பேர் கூடி நடத்தும் படகு மன்றம் அது. ஏரிக்குள் போகிறவர்கள் செருப்பைக் கரையில் விட்டுப் போவார்கள், திரும்பியதும் மாட்டிக்கொள்வார்கள். மணலில் செருப்பு கிடந்தால் தண்ணீரில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அன்று கரைக்காவல் சுகிர்தாவுக்கு.

திடீரென்று காற்று கிளம்பியது, தூறலும் விழுந்தது. படகுகள் கண்ட கண்ட இடத்தில் கரையேறின. அவள் ஓடி ஓடிக் கயிறு பிடித்தாள். மணலைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு செருப்புகூட இல்லை. அப்பாடா, எல்லோரும் வந்தாயிற்று. அவர் எங்காவது தள்ளிப் படகைக் கட்டிக்கொண்டிருப்பார். எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தாள்.

பொழுது சாய்ந்தும் அவர் வரவில்லை. துடுப்புகளை வைக்கக் கொட்டகைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மூலையில் அவருடைய செருப்பு, ஒழுங்காக, ஜோடியாக.

"நனையுதேன்னு நாந்தான் எல்லாத்தையும் எடுத்து உள்ள வெச்சேன் தங்கச்சி" என்றார் வரதன், இன்னும் மென்றுகொண்டே.

தேடப் போனபோது ஏரி இருட்டிவிட்டிருந்தது. விடிந்த பிறகுதான் அவரைக் கொண்டுவந்தார்கள்.

இப்போது மன்றத்தில் விசில் இருக்கிறது, சிவப்புக் கொடி இருக்கிறது. ஏரிக்குள் போகிறவர்கள், கரையில் சுகிர்தாவைக் கண்டதும் ஒரு கணம் தயங்கிவிட்டு, செருப்பை மணலில்தான் விடுகிறார்கள்.