இக்கரைச் சபை

"பன்னிரண்டாவது பேரு உன்னுதுதான் முனியாயி. கைநாட்டு வெச்சுட்டேன்னா, இந்தக் கரையிலயே நமக்குன்னு ஒரு சபை" என்று பிச்சை காகிதத்தை நீட்டினான்.

முனியாயி சாயாவை ஊதிக்கொண்டிருந்தாள். சுக்குக் கிடங்கில் தரம் பிரிப்பவள். ஞானஸ்நானத்தில் எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். மட்டாஞ்சேரியில் அப்படிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

"பக்கத்துல மலையாளத்துல ஆராதனை நடக்கற பள்ளி இருக்கே அண்ணே?"

"அங்க பாட்டு புரியுதா உனக்கு?"

"ராகம் புரியுது."

"ராகத்தை மட்டும் வெச்சு பாவமன்னிப்பு கேக்க முடியுமா?"

பிச்சைக்கு எதையும் விளக்கிச் சொன்னால்தான் மனசு ஆறும். இரண்டு காலி சாயா கிளாஸ்களைத் தள்ளித் தள்ளி வைத்து, நடுவே ஈர விரலால் கோடு இழுத்தான்.

"இது மட்டாஞ்சேரி. அது எர்ணாகுளம். நடுவுல தீவு. காலையில வேலியிறக்கம்னு வை, தண்ணி வடிஞ்சு கடல் வாயைப் பாத்து இழுக்கும். தீவு முனை வரைக்கும் தோணி தானா போகும். முனை திரும்பினா எதிர்வெள்ளம். முக்கால் மணி நேரம் கூடிடுது. நாம போய்ச் சேர்றப்போ அங்க தமிழ்ச் சபையில கடைசி ஆசீர்வாதம் சொல்லிட்டிருக்காங்க. போன வருஷம் நாம நாலு குடும்பம். இப்ப ரயிலுக்கு ரயில் ஆள் இறங்குது. பன்னிரண்டு குடும்பம் ஒப்புக்கிட்டா இங்கயே நடத்தலாம்னு போதகர் சொல்லிட்டாரு. உங்க கிடங்கு ஞாயித்துக்கிழமை பூட்டித்தானே கிடக்கு? முதலாளிகிட்ட கேட்டுட்டேன்."

"மதினி சொல்லட்டும். அப்புறம் வெக்கிறேன்."

பிச்சையின் மனைவி பாக்கியலக்ஷ்மி வாசலில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட எதுக்கு? அழைப்பு இவருக்குத்தான் வந்திருக்கு, என் அடுப்புக்கு இன்னும் வரல. சபை வந்துட்டா மூணு பிள்ளைங்களுக்கு என்னத்தப் பொங்கிப் போடறது?"

பிச்சைக்கு மூன்று மாதமாக அதே கனவு. சாம்பல் நிறத் தண்ணீர், ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எதிர்க்கரையே தெரியாத பனி. அதற்குள் யார் யாரோ தமிழில் பாடுகிறார்கள். பாட்டு அக்கரையிலிருந்து அல்ல, இந்தக் கரையிலிருந்து வருகிறது. விழித்த பிறகும் அது காதைவிட்டுப் போக வெகுநேரம் ஆகும். மனைவியிடமும் சொல்லியிருந்தான்.

"அந்தக் கனவுல நான் இருந்தேனா?" என்று பாக்கியலக்ஷ்மி திடீரென்று கேட்டாள்.

"இருந்தே."

"என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"முதல் வரிசையில உக்காந்து பாடிட்டிருந்தே. சுதி சேரல."

முனியாயி சாயாவைச் சிந்திச் சிரித்தாள். பாக்கியலக்ஷ்மி சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பின்னல் முனையில் ரிப்பனை இறுக்கி முடிந்தாள்.

"அப்ப நிஜக் கனவுதான். வை முனியாயி."

மை காயும்வரை ஊதி, காகிதத்தைப் பத்திரமாக மடியில் செருகிக்கொண்டு பிச்சை படித்துறையில் இறங்கினான். குடும்பத்துக்கு ஒருவர் இருவராகத் தோணியில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். முனியாயியும் ஏறிக்கொண்டாள்.

வாரநாட்களில் ஜனங்களையெல்லாம் மோட்டார் படகு கொண்டுபோய்விட, ஞாயிற்றுக்கிழமைக் காலையின் இந்த ஒரே சவாரியை நம்பிக் குடும்பம் நடத்திவந்த தோணிக்காரன் பிச்சை, கயிற்றை அவிழ்த்துத் துடுப்பைக் கையில் எடுத்தான்.