ஏரியில் மிதந்த பொரி

பழகிய கண்ணுக்கு எதுவும் படாது என்று எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட பிறகு, ஒவ்வோர் ஊரும் வெளிநாட்டுக்காரர்களை அழைத்து வந்து தன்னைப் பார்க்கச் சொன்னது. அந்த வேலைக்குப் புதுக்கண் என்று பெயர். செண்பகவல்லி அதற்காகத்தான் கடல் கடந்து இந்த ஏரிக்கரைக்கு வந்திருந்தாள்.

மூடுபனிக்குள் ஏரி தூங்குவதுபோலக் கிடந்தது. தெப்பக்குளத்துப் பழக்கத்தில், கொறிக்க வைத்திருந்த பொரியில் ஒரு கை அள்ளி வீசினாள். பொரி வெள்ளை வெள்ளையாக மிதந்தது. மிதந்துகொண்டே இருந்தது.

"ஒரு மீன்கூட வரலியே?"

துணைக்கு வந்த உள்ளூர்ப் பெண் இலாரியா விழித்தாள். அவள் பேச்சு காதுக்கருவியில் தமிழாக ஒலித்தது. "மீன் மேலே வருமா? இது எப்பவும் இப்படித்தான்."

பாவம், இவ்வளவு பெரிய குறை கண்ணெதிரே கிடக்கிறது, தெரியவில்லையே! செண்பகவல்லி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அப்போது ஊரிலிருந்து கணவன் முத்தையா அழைத்தான்.

"செம்பா, நம்ம தெருவுக்கும் ஒரு புதுக்கண் அம்மா வந்திருக்காங்க. பாப்பா ஏன் வார்த்தைக்கு வார்த்தை இருமுதுன்னு கேக்குறாங்க."

அவள் சிரித்துவிட்டாள். "இருமலா? அவ பேச்சே அப்படித்தானங்க! நம்ம தெருப் பிள்ளைக எல்லாம் அப்படித்தான பேசுது?"

மகள் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, எப்ப வருவே?"

அந்த மூன்று சொல்லுக்கு நடுவே இருந்த இருமலை, பனி சூழ்ந்த அக்கரையில் நின்று, செண்பகவல்லி முதன்முறையாகக் கேட்டாள்.